சீட்டு மேசையும் காப்பி மேசையும்

மைசூருவை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு விளையாட்டு என்றால் உயிர். சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒரே ஒரு முறை மட்டும் மிதித்து வரும் புதிர்களைத் தாமே அமைத்தார். 'ஸ்ரீதத்துவநிதி' என்ற பெருநூலில் ஒரு பகுதியையே விளையாட்டுகளுக்கு ஒதுக்கினார். கஞ்சீஃபா சீட்டாட்டத்தில் புதுப்புது வகைகளை உண்டாக்கினார். அவற்றில் மிகப் பெரியதற்கு 360 சீட்டுகள். 1868இல் அவர் மறைந்த பிறகும் அந்த மரபு ஊரை விட்டுப் போகவில்லை. மைசூரு கஞ்சீஃபா சீட்டுகள் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்.

அதே ஊருக்கு இப்போது ஆண்டுதோறும் வேறு வகை விருந்தாளிகள் வருகிறார்கள். ஹெப்பாலில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்துக்கும், மானசகங்கோத்ரியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கும், சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். பலருக்கு வீட்டை விட்டுத் தனியாக இருப்பதே முதல் தடவை. ஒருவரைப் பிடித்துப்போய், வீட்டார் துணையில்லாமல், 'பழகிப் பார்க்கலாமா' என்று தாமே முடிவெடுக்க வேண்டி வருவதும் முதல் தடவை. ஜாதகம் பார்க்க அப்பா இல்லை, குடும்பத்தை விசாரிக்கச் சித்தப்பா இல்லை. எதிரே இருப்பவரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது ஏராளம். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது.

தெரிந்தது குறைவாக இருக்கும்போது நன்றாக முடிவெடுப்பது எப்படி என்பதை மிக நுணுக்கமாக ஆராய்ந்த விளையாட்டு போக்கர். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் பலகை மேல் வெளிச்சத்தில் நிற்கின்றன. டெக்சாஸ் ஹோல்டம் என்ற பரவலான போக்கர் வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்கும். ஐந்து சீட்டுகள் நடுவே, எல்லாருக்கும் பொதுவாக, படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்பதா, கூட்டுவதா, கையைப் போட்டுவிட்டு விலகுவதா என்று தீர்மானிக்க வேண்டும். கணிதமேதை ஜான் வான் நாய்மன், ஆஸ்கார் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரை விரிவாக அலசினார். கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் போட்டி உத்தியைக் கற்பிக்கப் போக்கரைப் பாடமாகவே வைத்தார்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தின் சிந்தனை முறையைக் கற்பது வேறு, காசு கட்டி ஆடுவது வேறு. போக்கர் திறன் சார்ந்த ஆட்டமா, சூதாட்டமா என்ற வழக்கு கர்நாடக உயர்நீதிமன்றத்துக்கு 2013இலும் 2022இலும் போனது. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு 2023இல் வந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் திறன், அதிர்ஷ்டம் என்ற பாகுபாடில்லாமல் தடை செய்தது. இந்தப் பக்கங்களுக்குத் தேவையானது ஐம்பத்திரண்டு சீட்டுகளின் கணக்கு மட்டும்தான்.

முதலில், எதைக் கற்கக் கூடாது

போக்கரைக் காதலுக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தூக்கி வருவது பிளஃப். கையில் ஒன்றுமில்லாமலே பெரிய சீட்டு இருப்பதுபோல் பந்தயத்தை உயர்த்தி எதிராளியை விலக வைக்கும் உத்தி அது. காதலில் அது எப்படி வேடம் மாறும் என்று இளைஞர்களுக்குத் தெரியும். மெசேஜைப் பார்த்த பிறகும் வேண்டுமென்றே மூன்று மணி நேரம் பதில் போடாமல் இருப்பது, பிடித்திருந்தும் பிடிக்காததுபோல் நடிப்பது, இல்லாத இன்னொருவரைப் பற்றிப் பேசி உசுப்பேற்றுவது, சம்பளத்தையும் உயரத்தையும் கூட்டிச் சொல்வது.

இந்த உத்தி இங்கே செல்லாது என்பதற்கு ஒழுக்கம் மட்டும் காரணமல்ல. ஆட்டத்தின் அமைப்பே வேறு. போக்கரில் ஒருவர் இழப்பதைத்தான் இன்னொருவர் வெல்கிறார். உறவில் இருவரும் சேர்ந்தே வெல்லலாம், சேர்ந்தே தோற்கவும் செய்யலாம். எதிரே இருப்பவர் எதிராளியே அல்ல. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. பிளஃப் பலித்தால் போக்கர் ஆட்டக்காரர் நடுவே குவிந்த காசை அள்ளிக்கொள்வார். தன் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. உறவில் வென்றவர் மறுநாள் காலையிலிருந்து தன் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாக வேண்டும்.

சின்னப் பொய்கள் சகஜம் என்பது உண்மைதான். நியூயார்க்கில் எண்பது பேரிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், டேட்டிங் தளத்தில் இருந்தவர்களின் உயரம், எடை, வயதை ஆய்வாளர்கள் நேரில் சரிபார்த்தார்கள். 81 சதவீதம் பேர் இவற்றில் ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான பொய்கள் நேரில் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிறியவை. இந்தியாவில் பெரிய பொய் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவின்படி, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி கொடுத்தோ, அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்தோ ஒரு பெண்ணுடன் உடலுறவு கொள்வது குற்றம்; பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பிளஃபையே தொழிலாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் பணம் கேட்டால், காரணம் தாயின் அறுவை சிகிச்சையாக இருந்தாலும் சுங்கத்தில் மாட்டிய பரிசுப் பொட்டலமாக இருந்தாலும், அங்கேயே கையைப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குகளுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். வெட்கப்பட்டு ஓரிரவு காத்திருப்பதுதான் பலருக்கு முழுத் தொகையையும் பறிகொடுக்க வைக்கிறது.

சிறிய பந்தயம், நிறையத் தகவல்

போக்கரில் கற்க வேண்டியவற்றில் தலையாயது பந்தயத்தின் அளவு. ஓர் உதாரணம். நடுவே மூன்று சீட்டுகள் திறந்து கிடக்கின்றன. ஆட்டக்காரர் கையில் உள்ள இரண்டையும் சேர்த்தால் ஒரே இனத்தில் நான்கு சீட்டுகள். ஐந்தாவது வந்தால் பெரும்பாலும் வெற்றி. அந்த இனத்தில் மிச்சம் ஒன்பது சீட்டுகள், கண்ணில் படாதவை மொத்தம் 47. அடுத்த சீட்டில் அது வர வாய்ப்பு சுமார் 19 சதவீதம். நடுவே 400 ரூபாய் இருக்கிறது என்று கொள்வோம். எதிராளி 100 கட்டுகிறார். ஆட்டக்காரர் 100 போட்டால் மொத்தம் 600 ஆகும். ஆறில் ஒரு தடவை, அதாவது 17 சதவீதம் வென்றாலே நட்டமில்லை. தாராளமாகத் தொடரலாம். எதிராளி 400 கட்டியிருந்தால்? அப்போது மூன்றில் ஒரு தடவை வென்றாக வேண்டும். கையில் அதே சீட்டுதான், கனவும் அதேதான். ஆனாலும் விலகுவதே சரி.

இதைக் காப்பி மேசைக்குக் கொண்டுவந்தால், முதல் சந்திப்பின் விலை குறைவாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம், ஒரு காப்பி, பகல் வெளிச்சம், நாலு பேர் நடமாடும் இடம். மைசூரு இதற்கென்றே கட்டிய ஊர்போல் இருக்கிறது. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் மாலை நடைக்குப் பாதியூர் வருகிறது. காரஞ்சி ஏரி, ரயில் அருங்காட்சியகம், ரங்காயணத்தில் ஒரு நாடகம், கோகுலத்தில் ஏதாவது ஒரு காப்பிக் கடை எல்லாமே பொருத்தமான இடங்கள். இவற்றில் எங்கே போனாலும் பிடிக்காவிட்டால் எழுந்து வருவது எளிது. மாறாக, முதல் சந்திப்பையே ஊட்டிக்கோ கூர்க்குக்கோ இரண்டு நாள் பயணமாகப் போடுவது, ஒரு சீட்டுகூடத் திறக்கும் முன் பெரும்பணம் கட்டுவது. அங்கே பாதுகாப்புக் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் அறைத் தோழியிடமோ நண்பரிடமோ சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். திரும்பி வரச் சொந்த வழி இருக்க வேண்டும். அவசரத்துக்கு 112 என்ற எண் விரலில் நிற்க வேண்டும்.

கட்டுவது பணம் மட்டுமல்ல. நேரமும் மனமும் பணத்தைவிட அருமையானவை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கையிருப்பு முழுவதையும் ஒரே மேசைக்கு எடுத்துப் போவதில்லை. அறிமுகமான மூன்றாம் வாரத்திலேயே பழைய நண்பர்களை விட்டு, பயிற்சித் தேர்வுக்குப் படிப்பதை விட்டு, ஊருக்குப் போன் பண்ணுவதையும் விட்டு, இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே அரட்டைப் பெட்டிக்குள் கிடப்பவர் கையிருப்பு முழுவதையும் மேசையில் வைத்துவிட்டார். அந்த உறவு நல்லதாகவே இருந்தாலும் அதன் மேல் தாங்க முடியாத பாரம் ஏறிவிடுகிறது.

தகவல் மெதுவாகத் திறந்தால் நல்லது என்பதற்கு மைசூருவே ஓர் அழகான சாட்சி வைத்திருக்கிறது. கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வியும் ராஜேஸ்வரியும் மைசூர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அறிமுகமானவர்கள். தேஜஸ்வி மூடிகெரெப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போன பிறகு இடையில் இருந்தவை கடிதங்கள். எழுத்தில் ஒருவரையொருவர் அறிந்து, காத்திருந்து, 1966இல் மணந்தார்கள். அந்த வாழ்க்கையை ராஜேஸ்வரி பிற்காலத்தில் 'நன்ன தேஜஸ்வி' என்ற நூலாக எழுதினார்.

விலகத் தெரிந்தவர்

ஆறேழு பேர் அமர்ந்த மேசையில் நல்ல ஆட்டக்காரர் பத்தில் ஏழெட்டுக் கைகளை ஆடாமலே போட்டுவிடுவார். கத்துக்குட்டி எல்லாக் கையிலும் நுழைவார். இரண்டு ஏஸ் ஒன்றாகக் கிடைப்பது 221 தடவைக்கு ஒரு தடவைதான் என்பதால், நல்ல ஆட்டக்காரர் அதற்காகவே காத்திருக்கிறார் என்றும் நினைத்துவிடக் கூடாது. அப்படிக் காத்திருப்பவர் ஆடவே மாட்டார். ஆடத் தகுந்த கை எது என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

டிண்டர், பம்பிளிலிருந்து தமிழுக்கான 'அன்பே', கன்னடத்துக்கான 'நீனே' வரை செயலிகள் வந்த பிறகு இந்தத் தீர்மானம் முன்பைவிட அவசியமாகிவிட்டது. கட்டாயம் வேண்டியவை என்று மூன்றே மூன்றை எழுதி வைக்கலாம். திருமணம்தான் நோக்கமா என்பதில் ஒத்த கருத்து, குடி பற்றிய எண்ணம், வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றிய பார்வை, மதமும் சாதியும் தடையாகுமா என்பது, இப்படி எதுவாகவும் அவை இருக்கலாம். பட்டியல் பதினைந்து வரிக்கு நீண்டால் அது தேர்வுமுறை அல்ல, பயம்.

விலகுவதில் மிகக் கடினமானது, ஏற்கெனவே நிறையக் கட்டிவிட்ட கையை விடுவது. 'ரெண்டு வருஷம் பழகிட்டோம், இப்ப எப்படி?' என்ற கேள்வியை எத்தனையோ விடுதி மொட்டைமாடிகளில் கேட்கலாம். போக்கர் தரும் பதில் கறாரானது. நடுவே போன காசு இனி யாருடையதும் அல்ல. அடுத்த பந்தயம் தகுமா என்பது ஒன்றே கேள்வி. இரண்டு வருடம் எப்படியும் போய்விட்டது. அடுத்த இரண்டு வருடத்தை இதே ஆளோடு, இப்போது தெரிந்தவற்றை வைத்துக்கொண்டு, புதிதாகத் தொடங்குவாரா? மாட்டார் என்றால் அன்றே பேசிவிடலாம். எப்படிப் பேசுவது என்பதில் மட்டும் போக்கர் உதவாது. சீட்டைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு எழுவதுபோல் ஒரு மனிதரை விட்டு மறைந்து போகக் கூடாது. 'இது எனக்குச் சரிப்பட்டு வராதுன்னு தோணுது. உங்ககிட்ட நேரா சொல்லிடணும்னு நினைச்சேன்' என்ற இரண்டு வரி போதும். எதிரே இருப்பவர் மறுத்தால் அதுவும் முழு விடை. கெஞ்சியோ பின்தொடர்ந்தோ மாற்ற வேண்டிய விடை அல்ல.

முகத்தைப் படிப்பது

எதிராளியின் கண், கை, குரல் காட்டிக்கொடுக்கும் குறிப்புகளை 'டெல்' என்பார்கள். மைக் கேரோ 1984இலேயே அதற்கு ஒரு முழுநூல் எழுதினார். முகம் பார்த்தே மனம் அறிவேன் என்று நம்புகிறவர்கள் ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவு, மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தறிவது சராசரியாக 54 சதவீதம்தான் என்றது. நாணயத்தைச் சுண்டினாலே ஐம்பது.

ஆகவே கண்ணிமைப்பை எண்ணுவதைவிட, திரும்பத் திரும்ப நடப்பதைக் கவனிப்பது பயன் தரும். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, தோசை கொண்டுவரும் ஊழியரிடம் எப்படிப் பேசுகிறார், முதல்முறை 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொன்னபோது முகம் சுளித்தாரா, விட்டுக்கொடுத்தாரா? கடைசியாகச் சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய குறிப்பு. போக்கர் ஆட்டக்காரருக்கு இல்லாத ஒரு வசதி வேறு இங்கே உண்டு. வாய் திறந்து கேட்கலாம்.

இதையெல்லாம் ஒரு செயலி கணக்குப் போட்டுச் சொல்லிவிடாதா என்று பொறியியல் படித்தவர்கள் கேட்பார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய 'புளூரிபஸ்' என்ற நிரல் 2019இல் ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதற்கு இரண்டாண்டு முன்பு சமந்தா ஜோயலும் சக ஆய்வாளர்களும், நூற்றுக்கு மேற்பட்ட இயல்புகளையும் விருப்பங்களையும் கேட்டறிந்து, முன்பின் அறியாத இருவர் சந்தித்தால் ஒருவருக்கு மற்றவரைத் தனிப்பட்ட முறையில் பிடித்துப்போகுமா என்று இயந்திரக் கற்றல் வழியாகக் கணிக்க முயன்றார்கள். பொதுவாக யார் பலருக்கும் பிடித்தவர் என்பது ஓரளவு பிடிபட்டது. இந்த இருவருக்குள் ஒத்துப்போகுமா என்பது பிடிபடவே இல்லை. போக்கரில் வென்ற கணினி இங்கே கைவிரித்துவிடுகிறது. நேரில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

நல்ல முடிவு, கெட்ட விளைவு

இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜாக்களோடு மோதினால் நூற்றில் சுமார் 82 தடவை வெல்வார். மிச்சம் 18 தடவை தோற்பார், எந்தத் தவறும் செய்யாமலே. விளைவை வைத்து முடிவை எடைபோடும் பழக்கத்தை முன்னாள் போக்கர் வீராங்கனை ஆனி டியூக் 2018இல் எழுதிய நூலில் கடுமையாகக் கண்டித்தார்.

யாதவகிரியில் அருங்காட்சியகமாக நிற்கும் வீட்டின் அன்றைய சொந்தக்காரர், எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வாழ்வில் இது நடந்தது. 1933இல் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜத்தைப் பார்த்தார். அவள் தந்தையிடம் பழகி, பெரியவர்கள் மூலம் பேசும் வழக்கத்தை மீறி, தானே நேராகக் கேட்டுவிட்டார். ஜாதகத்தில் செவ்வாய் ஏழில் இருக்கிறது, பொருந்தாது என்றார்கள். அதையும் தாண்டி 1934இல் திருமணம் நடந்தது. அந்தக் கதையில் இன்று பின்பற்றக் கூடாதவை உண்டு. ராஜம் அப்போது மிகச் சிறியவள். இன்றைய சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று சொல்கிறது. பேச்செல்லாம் ஆண்களுக்குள் நடந்தது. பெண்ணின் விருப்பத்தைக் கேட்பதுதான் இன்று முதல் படி. 1939இல் டைபாய்டு ராஜத்தைக் கொண்டுபோனது. நாராயண் மறுமணம் செய்யவில்லை. குழந்தை ஹேமாவை வளர்த்தார்.

ஜாதகம் சொன்னது பலித்துவிட்டதே என்று சொல்ல ஊரில் ஆள் இருந்திருக்கும். டைபாய்டுக்குக் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்து 1940களின் இறுதியில்தான் வந்தது. அந்தக் காய்ச்சல் ஜாதகம் பொருந்திய வீடுகளிலும் ஆட்களைக் கொண்டுபோயிற்று. ஐந்தாண்டு மணவாழ்க்கையின் மதிப்பை அதன் முடிவு அழிக்காது. நல்லபடி விசாரித்து, நேர்மையாகப் பேசி, நேரம் ஒதுக்கி எடுத்த முடிவு பின்னால் உடைந்தால், 'நான் முட்டாள்' என்று தன்னையே குத்திக்கொள்ளும் இளைஞர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோல்விக்குப் பின் வரும் வெறி இதிலிருந்து வேறு. போக்கரில் அதற்கு 'டில்ட்' என்று பெயர். தருமன் தம்பியரை வைத்து, தன்னை வைத்து, பாஞ்சாலியையும் வைத்தது அந்த நிலையில்தான். பிரிந்த இரவு பன்னிரண்டு மணிக்கு அனுப்பும் நீண்ட மெசேஜும், அடுத்த வாரமே பழிவாங்கப் புதிதாக ஒருவரைத் தேடுவதும் அதே வகை. எழுதியதை அனுப்பாமல் வைத்து, காலையில் சாமுண்டி மலையின் ஆயிரத்தெட்டுப் படிகளை ஏறி இறங்கி வந்து படித்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அனுப்பத் தோன்றாது.

முழுவதையும் வைக்கும் நாள்

கையிருப்பை எல்லாம் நடுவே தள்ளும் 'ஆல்-இன்' காதலில் இரண்டு முறை வருகிறது: வீட்டில் சொல்லும் நாள், பதிவு செய்யும் நாள். இரண்டுக்கும் சீட்டுகள் பெரும்பாலும் திறந்திருக்க வேண்டும். கடன், நோய், முந்தைய திருமணம், பிள்ளை வேண்டுமா வேண்டாமா, பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது, எந்த ஊரில் குடியிருப்பது என்பவை பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் சொல்லும்போது முதலில் சம்மதிக்கக் கூடியவரிடம், அம்மாவோ அத்தையோ யாரோ ஒருவரிடம், தொடங்குவது நல்லது. மிரட்டல் வரும் என்ற பயம் இருந்தால் தனியாக ஊருக்குப் போய் நிற்கக் கூடாது. முன்கூட்டியே வழக்கறிஞரிடமோ காவல்துறையிடமோ பேசிவைக்க வேண்டும்.

தேஜஸ்வி, ராஜேஸ்வரி திருமணத்துக்குத் தேஜஸ்வியின் தந்தையும் கவிஞருமான குவெம்பு புரோகிதரும் ஆடம்பரமும் இல்லாத 'மந்திர மாங்கல்யம்' என்ற எளிய முறையை அமைத்துக் கொடுத்தார். இன்றும் கர்நாடகத்தில் பலர் அப்படி மணக்கிறார்கள். மதம் வேறான இருவர் மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வழி தருகிறது. மைசூருவில் பதிய வேண்டுமானால் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். திருமண அதிகாரியிடம் அறிவிப்பு கொடுத்த பிறகு முப்பது நாள் காத்திருப்பு. அந்த அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதால் வீட்டாருக்குத் தெரிய வாய்ப்புண்டு, அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பதிவு நாளில் மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். வயது, முகவரிச் சான்றுகளோடு அந்த மூவருக்கும் விடுப்பு கிடைக்குமா என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.